தொல்லைக்கும் துன்புறுத்தலுக்கும் நடுவே: 'ஹராஸ்' என்ற ஆங்கில வினைச்சொல்

கேள்வி இதுதான். உடன் வேலை பார்க்கும் ஒருவர், ஓர் அறிக்கை எப்போது முடியும் என்று கேட்டு ஒரு நாளைக்கு மூன்று தடவை போன் செய்துகொண்டே இருக்கிறார். பொறுத்துப் பார்த்துவிட்டு, மேலாளருக்கு எழுதிய மின்னஞ்சலில் 'ஹி ஹேஸ் பீன் ஹராஸிங் மீ' என்று ஒரு வரி எழுதியாகிவிட்டது. மறுநாளே மனிதவளப் பிரிவிலிருந்து அழைப்பு: முறைப்படி புகார் தருகிறீர்களா, எப்போது தொடங்கியது, வேறு யாராவது பார்த்தார்களா? எழுதியவருக்குத் தூக்கிவாரிப் போட்டிருக்கிறது. 'தொல்லை பண்றார் என்பதைத்தானே ஆங்கிலத்தில் எழுதினேன். அகராதியும் அப்படித்தானே சொல்கிறது? வேறு எந்தச் சொல்லைப் போட்டிருக்க வேண்டும்? அதைச் சரியாக உச்சரிப்பதுதான் எப்படி?'

முதலில் ஆறுதல்: அகராதிப்படி நீங்கள் எழுதியதில் தப்பு இல்லை. இலக்கணமும் சரி. சொல்லப்போனால் இலக்கணம் அளவுக்கு மீறிச் சரியாக இருந்ததுதான் வினையாகிவிட்டது. அது எப்படி என்று புரிய, இந்தச் சொல் வந்த வழியைக் கொஞ்சம் பார்த்துவிடலாம்.

ஹராஸ் பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. பிரெஞ்சில் அதற்கு 'களைத்துப்போகச் செய்' என்று பொருள். அதற்கும் பின்னால் போனால், நாயை ஏவிவிடும்போது போடும் ஒரு கூப்பாடு இருக்கிறது என்பது அகராதிக்காரர்கள் பலர் சொல்லும் ஊகம். தமிழில் 'சூ' என்று நாயை ஏவுகிறோமே, அதே மாதிரி ஒரு சத்தம். அந்தச் சத்தத்திலிருந்து 'நாயை ஏவு' என்ற வினை, அதிலிருந்து 'துரத்தித் துரத்திக் களைக்க வை' என்ற வினை. ஊகம்தான், ஆனாலும் சொல்லின் குணத்துக்குப் பொருந்துகிறது. துரத்தும் நாய் ஒரே பாய்ச்சலில் கதையை முடித்துவிடுவதில்லை. ஓட ஓட விரட்டி, மூச்சு வாங்க வைத்து, நின்றால் மறுபடி குரைத்து, ஓய விடாமல் அடிக்கிறது. ஹராஸின் உயிர் அந்த 'ஓய விடாமல்' என்பதில்தான் இருக்கிறது. கொடுமை எவ்வளவு பெரியது என்பது அதற்கு இரண்டாம் பட்சம். திரும்பத் திரும்ப வருகிறதா, எதிராளி அதனால் தேய்ந்துபோகிறாரா என்பதுதான் முதல் கேள்வி.

ஆங்கிலத்துக்கு வந்த புதிதில் அது போர்க்களத்துச் சொல்லாகவும் இருந்தது. எதிரியின் நாட்டுக்குள் அடிக்கடி புகுந்து கொள்ளையடித்து நிலைகுலைய வைப்பதை அப்படிச் சொன்னார்கள். ராணுவத்தில் அந்தப் பொருள் இன்னும் மிச்சம் இருக்கிறது. 'ஹராஸிங் ஃபயர்' என்று ஒரு வகைக் குண்டுவீச்சு உண்டு. எதிரியின் கோட்டையைத் தகர்ப்பது அதன் நோக்கம் இல்லை. எதிரி தூங்கக்கூடாது, நிம்மதியாக நடமாடக்கூடாது, சோர்ந்துபோக வேண்டும், அவ்வளவுதான். நேரம் காலம் இல்லாமல் அவ்வப்போது ஒரு குண்டு வந்து விழும். அடுத்தது எப்போது என்று தெரியாது. அந்தக் காத்திருப்புதான் ஆளை உருக்குகிறது. தினம் மூன்று போன் வாங்குகிறவருக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

இங்கே ஒரு வேடிக்கை. பிரெஞ்சுக்காரர்கள் இந்த வினையில் களைப்பை மட்டும் வைத்துக்கொண்டு, துன்புறுத்தலுக்கு வேறொரு வினைக்குப் போய்விட்டார்கள். ஆங்கிலம் இரண்டையும் பிடித்துக்கொண்டது. அதனால்தான் ஆங்கிலத்தில் 'எ ஹராஸ்ட் மதர்' என்று படித்தால், அந்தத் தாயை யாரோ துன்புறுத்தினார்கள் என்று பதறக்கூடாது. ஒரு கையில் குழந்தை, இன்னொரு கையில் பை, தோளுக்கும் காதுக்கும் நடுவில் போன், தலை கலைந்து, எதற்கும் நேரம் போதாமல் அல்லாடுகிற ஒருத்தி. அவ்வளவுதான். 'ஹராஸ்ட்' பெயரடையாக வரும்போது பெரும்பாலும் இந்த அல்லாட்டம்தான் பொருள். கூட்ட நாளில் திணறும் கடைச் சிப்பந்தி, தேர்வுத் தாள்களுக்கு நடுவில் விழி பிதுங்கும் ஆசிரியர், இவர்களுக்கும் அதே சொல். துன்புறுத்தியவர் என்று அங்கே யாரும் இல்லை, வேலைதான் துரத்துகிறது. மொழிபெயர்ப்பில் இந்த இடத்தில் 'துன்புறுத்தப்பட்ட தாய்' என்று போட்டு, கதையையே திசை திருப்பிவிட்ட பக்கங்களை நானே படித்திருக்கிறேன். ஆனால் அதே சொல் 'ஷி வாஸ் ஹராஸ்ட் பை...' என்று வந்து, பின்னால் ஓர் ஆளின் பெயரும் வந்துவிட்டால் கதை வேறு. அப்போது அது களைப்பு இல்லை, குற்றச்சாட்டு.

அந்தக் குற்றச்சாட்டுக்கு இவ்வளவு கனம் எப்போது ஏறியது? நல்ல அளவுக்கு 1975க்குப் பிறகு. அமெரிக்காவில், நியூயார்க் மாநிலத்தின் இத்தகா ஊரில் உள்ள கார்னெல் பல்கலைக்கழகத்தில், மேலதிகாரியின் பாலியல் அத்துமீறல்களால் வேலையை விட்ட ஒரு பெண்ணுக்கு, வேலையற்றோருக்கான உதவித்தொகை மறுக்கப்பட்டது. அங்கே பெண்களும் வேலையும் பற்றி வகுப்பு நடத்திக்கொண்டிருந்த லின் ஃபார்லியும் அவருடன் இருந்த பெண்களும் இதைப் பொதுவெளிக்குக் கொண்டுபோக முடிவு செய்தார்கள். அப்போதுதான் ஒரு சிக்கல். நடந்ததைச் சொல்ல எல்லோருக்கும் புரியும் ஒரு பெயர் இல்லை. மிரட்டல், கட்டாயப்படுத்தல், சுரண்டல் என்று பல சொற்களைப் போட்டுப் பார்த்தார்கள். ஒவ்வொன்றும் நடந்ததில் ஒரு பகுதியைத்தான் பிடித்தது. கடைசியில் ஹராஸ்மென்ட் பொருந்தியது. ஏன் என்று யோசித்தால் காரணம் தெரிகிறது. தடவும் பார்வை, ஆபாசப் பேச்சு, உரசல், வெளிப்படையான கட்டாயம் எல்லாமே அதற்குள் அடங்குகின்றன. தனித்தனியாக எடுத்தால் 'இதெல்லாம் ஒரு விஷயமா' என்று தள்ளிவிடக்கூடிய சின்னச் சின்னக் காரியங்கள் சேர்ந்து ஓர் ஆளை வேலையை விட்டே ஓட வைக்கும் என்பதை, நாய் துரத்தும் அந்தப் பழைய சொல் ஏற்கெனவே தனக்குள் வைத்திருந்தது. நல்ல தேர்வு.

அப்புறம் எல்லாம் வேகமாக நடந்தது. 1979இல் சட்ட அறிஞர் கேத்தரின் மெக்கின்னன் இதைப் பாலினப் பாகுபாடாகச் சட்டம் பார்க்க வேண்டும் என்று நூல் எழுதினார். 1986இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. நடத்தை கடுமையானதாகவோ எங்கும் பரவியதாகவோ இருக்க வேண்டும் என்று ஓர் அளவுகோலும் வைத்தது. 1991இல் கிளாரன்ஸ் தாமஸை உச்ச நீதிமன்ற நீதிபதியாக்குவது குறித்த விசாரணையில், முன்பு அவரிடம் வேலை பார்த்த அனிதா ஹில், அவர் தனக்குப் பாலியல் தொல்லை தந்தார் என்று சாட்சி சொன்னபோது, அமெரிக்கா முழுக்கத் தொலைக்காட்சி முன் உட்கார்ந்து இந்தச் சொல்லைக் கேட்டது. அதன் பிறகு ஒரு சாதாரண அலுவலக மின்னஞ்சலில் ஹராஸ் வந்தாலும், படிப்பவர் காதில் இத்தனையும் சேர்ந்து ஒலிக்கிறது. நீங்கள் எழுதியது ஒரு வினைச்சொல். மனிதவளப் பிரிவு படித்தது ஒரு சட்டச் சொல்.

இப்போது உங்கள் வாக்கியத்துக்கு வருகிறேன். பிரிட்டனில் 1997இல் வந்த ஹராஸ்மென்ட்டிலிருந்து பாதுகாக்கும் சட்டம், அந்தச் சொல்லுக்கு முழு வரையறை எதுவும் தராது. ஒருவரை அச்சுறுத்துவதும் மனவேதனைக்கு ஆளாக்குவதும் அதில் அடங்கும் என்று மட்டும் சொல்லும். ஆனால் ஒன்றைத் தெளிவாகக் கேட்கும்: அது தொடர் நடத்தையாக இருக்க வேண்டும்; ஒரே ஆளைக் குறிவைத்தது என்றால் குறைந்தது இரண்டு முறையாவது நடந்திருக்க வேண்டும். நீங்கள் என்ன எழுதினீர்கள்? 'ஹேஸ் பீன் ஹராஸிங்'. எப்போதோ தொடங்கி இன்னும் ஓயவில்லை என்று சொல்லும் காலம் அது. சட்டம் தேடும் தொடர் நடத்தையை ஒரே வினைமுற்றில் வடித்துக் கையில் கொடுத்துவிட்டீர்கள். எப்போது தொடங்கியது என்று அவர்கள் கேட்டதில் ஆச்சரியமே இல்லை. உங்கள் வாக்கியமே அந்தக் கேள்வியைத் தூண்டுகிறது.

போன் விஷயமும் அப்படித்தான். கடன் வசூலிப்பவர்களைக் கட்டுப்படுத்தும் அமெரிக்கச் சட்டம் ஒன்று 1977இல் வந்தது. எரிச்சலூட்டவோ ஹராஸ் செய்யவோ வேண்டும் என்ற எண்ணத்தோடு திரும்பத் திரும்பத் தொலைபேசியை ஒலிக்க விடுவது அதில் பெயர் சொல்லியே தடுக்கப்பட்டிருக்கிறது. 2021இல் நடைமுறைக்கு வந்த விதி ஒன்று அதற்கு எண்ணிக்கையும் வைத்தது: ஒரு கடனுக்காக ஏழு நாளில் ஏழு தடவைக்கு மேல் அழைத்தால், வரம்பு மீறியதாகவே முதலில் எடுத்துக்கொள்ளப்படும். உங்கள் சக ஊழியர் மூன்றாம் நாளிலேயே அதைத் தாண்டியிருப்பார்! நல்ல வேளை, அந்த விதி கடன் வசூலிப்பவர்களுக்கு மட்டும்தான். உங்களிடம் அவர் கேட்பது அறிக்கை.

ஒரே ஒரு தடவை நடந்ததை ஹராஸ் என்று சொல்லலாமா என்றும் சிலர் கேட்பார்கள். பழைய பொருளில் கூடாது. இன்றைய வேலையிடச் சட்டங்களின் பொருளில் முடியும். பிரிட்டனின் 2010 சமத்துவச் சட்டம் பார்ப்பது வேறு: வேண்டாத நடத்தை, அது பாலினம், இனம், மதம், ஊனம் போன்ற ஒன்றோடு தொடர்புடையதா, அதன் நோக்கமோ விளைவோ ஒருவரின் கண்ணியத்தைக் குலைப்பதா என்பதைத்தான். அங்கே ஒரே சம்பவம் போதும், கடுமையாக இருந்தால். 'நான் அப்படி நினைத்துச் செய்யவில்லை' என்பதும் அங்கே எப்போதும் காப்பாற்றாது, ஏனென்றால் விளைவையும் எடை போடுகிறார்கள். ஆக, ஒரே சொல்லுக்குள் இரண்டு கணக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. ஒன்று எத்தனை தடவை என்று எண்ணுகிறது, இன்னொன்று எவ்வளவு ஆழமாகக் காயப்பட்டது என்று பார்க்கிறது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களே இதில் முட்டிக்கொள்கிறார்கள்.

நமக்கு இன்னொரு தடுமாற்றம் தமிழிலிருந்தே வருகிறது. 'தொல்லை' என்பது எவ்வளவு தாராளமான சொல் பாருங்கள். கொசுவும் தொல்லை, பக்கத்து வீட்டு ரேடியோவும் தொல்லை, பல்வலியும் தொல்லை. முன்னால் 'பாலியல்' என்று ஒட்டினால் அதே தொல்லை சிறைக்கு அனுப்பும் குற்றம். எடை எல்லாம் முன்னொட்டில் இருக்கிறது, தொல்லை என்னவோ லேசாகவே இருக்கிறது. ஆங்கிலத்தில் அப்படி ஒரே பையில் எல்லாவற்றையும் போட முடியாது. ஒவ்வொரு எடைக்கும் தனித்தனி வினை வைத்திருக்கிறார்கள். போதாக்குறைக்கு, 'டார்ச்சர்' என்று ஒரு சொல்லை இரவல் வாங்கி அதன் பல்லைப் பிடுங்கிவிட்டோம். 'சரியான டார்ச்சர்டா இவன்' என்று சிரித்துக்கொண்டே சொல்கிறோம். ஆங்கிலத்தில் 'ஹி இஸ் டார்ச்சரிங் மீ' என்று முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு சொன்னால், கேட்பவர் மனதில் நகம் பிடுங்குவதும் மின்சாரம் பாய்ச்சுவதும்தான் வரும்.

வேற்றுமையிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. தமிழில் 'எனக்குத் தொல்லை தருகிறார்' என்கிறோம், நான்காம் வேற்றுமை. அதே பழக்கத்தில் 'ஹராஸிங் டு மீ', 'கிவிங் ஹராஸ்மென்ட் டு மீ' என்று எழுதுகிறவர்கள் உண்டு. ஹராஸ் நேராக ஆளைத் தொடும் வினை, நடுவில் 'டு' கிடையாது. பணத்துக்காக என்றால் 'ஃபார்', ஒன்றைப் பற்றி என்றால் 'அபௌட்'. நச்சரித்து நச்சரித்து ஒன்றைச் செய்ய வைத்துவிட்டால் 'இன்டு': 'தே ஹராஸ்ட் ஹிம் இன்டு ரிசைனிங்', விடாமல் துரத்தி ராஜினாமா செய்ய வைத்தார்கள். ஹராஸ்மென்ட் எண்ணக்கூடிய பெயர் இல்லை, ஆகவே 'த்ரீ ஹராஸ்மென்ட்ஸ்' வேண்டாம்.

சரி, வேறு எந்தச் சொல்? உங்கள் நிலைமைக்கு எனக்குப் பிடித்தது 'பேட்ஜர்'. அது வளை தோண்டி வாழும் ஒரு காட்டு விலங்கின் பெயர். பிரிட்டனில் அதைப் பெட்டிக்குள்ளோ குழிக்குள்ளோ அடைத்து, நாய்களை ஏவி வேடிக்கை பார்க்கும் குரூரமான பந்தயம் இருந்தது. 1835இல் சட்டம் போட்டு நிறுத்தினார்கள். நாய்கள் மாறி மாறிப் பாயும், விலங்கு வெளியே வந்தாக வேண்டும். அந்தக் காட்சியிலிருந்து வந்த வினை, இன்று 'கேட்டதையே கேட்டுக் கேட்டு ஆளை மடக்குவது' என்று சாதுவாகிவிட்டது. குழந்தைகள் பொம்மைக்காகப் பெற்றோரை பேட்ஜர் செய்யும், நிருபர்கள் அமைச்சரை பேட்ஜர் செய்வார்கள். ஒரு கோரிக்கை இருக்கிறது, அது கிடைக்கும்வரை விட மாட்டார்கள். நம்முடைய 'நச்சரிப்பு' இதற்குக் கிட்டத்தட்ட நேர்.

கவனித்தீர்களா, இங்கேயும் நாய். 'ஹவுண்ட்' என்பதோ நேராகவே வேட்டை நாய். அது பேட்ஜரைவிடக் கடுமை: புகைப்படக்காரர்கள் ஒரு பிரபலத்தை ஹவுண்ட் செய்தார்கள் என்றால், போகும் இடமெல்லாம் விடாமல் துரத்தினார்கள் என்று பொருள். 'டாக்' என்ற சாதாரண நாயும் வினையாகும், ஆனால் அதற்குப் பெரும்பாலும் மனிதர் எழுவாயாக வருவதில்லை. காயங்களோ வதந்திகளோ ஒருவரை விடாமல் பின்தொடரும்போது அது வரும். ஆங்கிலத்தில் தொல்லையைப் பேசத் தொடங்கினால் ஒரு நாய்க்கூட்டமே ஓடிவருகிறது.

'பெஸ்டர்' இன்னும் லேசு. குதிரையின் காலைக் கட்டி நடக்க விடாமல் செய்வதிலிருந்து வந்தது. 'பெஸ்ட்' என்ற பூச்சிச் சொல்லோடு ஒலி ஒத்துப்போகவே ஈ மொய்ப்பது போன்ற பொருளுக்குச் சாய்ந்துவிட்டது. 'நேக்' வீட்டுக்குள் அதிகம் புழங்கும் நச்சரிப்பு. மனைவிமார் மேல் மட்டும் அதை ஒட்டும் பழக்கம் ஆங்கிலத்தில் உண்டு என்பதால் அலுவலகத்தில் ஒரு பெண் ஊழியரைப் பற்றி எழுதும்போது அதைத் தொடாதீர்கள். 'பக்' என்பதும் தொந்தரவு செய்வதுதான், ஆனால் பேச்சுவழக்கு. 'புல்லி' வேறு ரகம், அதில் பலமுள்ளவர் பலமில்லாதவரை மிதிப்பது இருந்தாக வேண்டும். அந்தச் சொல் பதினாறாம் நூற்றாண்டில் அன்பே, கண்ணே என்று கொஞ்சப் பயன்பட்டது என்றால் நம்ப முடிகிறதா?

ஒரே ஒரு சொல்லுக்கு மட்டும் கண்டிப்பாக எச்சரிக்கை பலகை வைக்க வேண்டும்: 'மொலெஸ்ட்'. லத்தீனில் வெறுமனே 'தொந்தரவு செய்' என்றுதான் பொருள். ஸ்பானிஷ் பேசும் நாடுகளில் ஹோட்டல் அறைக் கதவில் 'நோ மொலெஸ்டார்' என்று அட்டை தொங்கும், தொந்தரவு செய்யாதீர்கள் என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. பழைய ஆங்கில நூல்களிலும் அப்படியே வரும். இன்றைய ஆங்கிலத்தில் அது பாலியல் தாக்குதல், அதுவும் பெரும்பாலும் குழந்தைகள் மீது நடப்பது. ஹராஸ் இருபதாம் நூற்றாண்டில் ஏறிய அதே ஏணியில் இது இன்னும் மேலே போய்விட்டது. பழைய அகராதியை நம்பி இதை அலுவலக மின்னஞ்சலில் எழுதியிருந்தீர்கள் என்றால் மனிதவளப் பிரிவு இல்லை, காவல்துறை வந்திருக்கும்.

விளையாட்டாக ஹராஸைச் சொல்லக்கூடாதா? நண்பர்களுக்குள் சொல்கிறார்கள். பூனை காலையில் முகத்தில் ஏறி உட்கார்ந்தால் 'மை கேட் இஸ் ஹராஸிங் மீ ஃபார் பிரேக்ஃபாஸ்ட்' என்பார்கள். பூனையின் மேல் யாரும் நடவடிக்கை எடுக்கப்போவதில்லை என்பதால் அது சிரிப்பு. எழுவாய் இடத்தில் சம்பளப் பட்டியலில் இருக்கும் ஒரு மனிதரின் பெயர் உட்கார்ந்துவிட்டால் சிரிப்பு போய்விடும்.

உச்சரிப்பு: இரண்டு விதமும் சரி. பிரிட்டனில் வழிவழியாக வந்தது முதல் அசையை அழுத்துவது, 'ஹே' என்பதில் அழுத்தம் விழ 'ஹேரஸ்'. அமெரிக்காவில் இரண்டாவது அசையை அழுத்தி 'ஹராஸ்' என்பதுதான் பரவலாகக் கேட்பது, இன்று பிரிட்டனிலும் பலர் அப்படியே சொல்கிறார்கள். அதைக் கேட்டு முகம் சுளிக்கும் பெரியவர்கள் அங்கே இன்னும் இருக்கிறார்கள், விடுங்கள். எழுத்தில்தான் பலர் வழுக்குவது: இதில் ஆர் ஒன்று, எஸ் இரண்டு. சங்கடப்படுத்துவதைச் சொல்லும் 'எம்பாரஸ்' என்பதில் ஆரும் இரண்டு, எஸ்ஸும் இரண்டு. ஒன்றைப் பார்த்து இன்னொன்றை எழுதப் போய்த்தான் தப்பு வருகிறது.

மின்னஞ்சலுக்கு வருவோம். வினைச்சொல்லைத் தேடுவதற்குப் பதிலாக நடந்ததை அப்படியே வைத்திருக்கலாம்: இந்த வாரம் முழுக்க ஒரு நாளைக்கு மூன்று தடவை அழைக்கிறார், வேலை தடைப்படுகிறது, அறிக்கை வெள்ளிக்கிழமை தயாராகும் என்று ஏற்கெனவே சொல்லிவிட்டேன். ஒரு வினை வேண்டும் என்று கை துறுதுறுத்தால் 'ஹி கீப்ஸ் சேசிங் மீ ஃபார் தி ரிப்போர்ட்'. அலுவலக ஆங்கிலத்தில் வேலையைக் கேட்டுத் துரத்துவதற்கு 'சேஸ்' என்பதுதான் அன்றாடச் சொல், யாருக்கும் கோபம் வராது. மனிதவளப் பிரிவுக்கு இப்போது எழுத வேண்டியது இரண்டு வரி: அழைப்புகள் அடிக்கடி வந்ததைத்தான் சொன்னேன், மிரட்டலோ மரியாதைக் குறைவோ நடக்கவில்லை, புகார் எதுவும் தரவில்லை. ஆனால் அதை அனுப்பும் முன் ஒரு தடவை யோசித்துப் பாருங்கள். அந்த மூன்று போனில் கத்தல், ஏளனம், 'உன்னை ஒரு வழி பண்ணிவிடுவேன்' என்பது மாதிரி ஏதாவது இருந்திருந்தால், முதலில் எழுதிய சொல்லே சரியான சொல். அதைத் திரும்ப வாங்காதீர்கள்.